மஜீது பாயும் நானும் கட்டிய ஷெட்

1

போன மாதம் இங்கே பிரான்சில் எங்கள் ஊர் மேரிக்கு ஒரு காரியமாகப் போயிருந்தேன். புதுச்சேரிக்காரர்களுக்கு மேரி என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், நகரசபை அலுவலகம். வீட்டுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளையும் ஒரு பழைய காரையும் நிறுத்தி வேலை பார்க்க ஒரு ஷெட் கட்டலாம் என்று அனுமதி கேட்டிருந்தேன். இந்த ஊரில் நினைத்தவுடன் செங்கல்லை அடுக்கிவிட முடியாது. வரைபடம் மூன்று பிரதி வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். கூரை ஓடு என்ன நிறம் என்பது வரைக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் படிவத்தைப் பார்த்தபடியே, "ஃபோஸ்?" என்று கேட்டாள்.

வண்டிக்கு அடியில் இறங்கி வேலை செய்யப் பள்ளம் உண்டா என்று கேட்கிறாள். எனக்குத் தெரியாத சொல் இல்லை. எட்டு வருஷம் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்து லாரிகளுக்கு அடியில் கிடந்தவன் நான். ஆனால் பிரெஞ்சில் சவக்குழிக்கும் அதே சொல்தான். என் வாய் என்னைக் கேட்காமல் பதில் சொல்லிவிட்டது.

"புதுச்சேரியில் இருக்கிறது, மதாம்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வெளியூர்க்காரன், மொழி புரியவில்லை என்று நினைத்திருப்பாள். அவளே 'இல்லை' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

இல்லை என்பதுதான் சரியான பதில். ஷெட் கட்டிக்கொள்ள என் மனைவி ரோசாலி ஒரே ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்திருந்தாள்: "கட்டிக்கோங்க. பள்ளம் மட்டும் வேணாம்."

அந்த வாரமே ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஷெட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. கல்லறைத் திருநாளும் வந்து போய்விட்டது. இங்கே எல்லோரும் தங்கள் வீட்டுக் கல்லறைகளில் சாமந்திப்பூத் தொட்டிகளை வைத்துவிட்டு வருகிறார்கள். எங்களுக்கு இந்த மண்ணில் போய் நிற்க ஒரு கல் இல்லை. இந்தப் பத்திரிகையில் நான் முன்பு எழுதிய குறிப்புகளில் பனியைப் பற்றியும் ரொட்டியைப் பற்றியும் எழுதினேன். இப்போது எழுதப்போவது வேறு.

2

ஐம்பத்து நாலில், புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கின வருஷம், நான் சைகோனிலிருந்து திரும்பினேன். ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் ரோட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு வீடு. தெருவில் அதற்கு 'சொல்தா வீடு' என்று பெயர். பட்டாளத்துக்காரர் வீடு என்று அர்த்தம். வீட்டில் ரோசாலி, மூன்று வயது மகன் ராயப்பன், கைக்குழந்தையாகச் செலின். கையில் ஓய்வூதியம். வேலை இல்லை.

ஒரு நாள் பெரிய மார்க்கெட் வாசலில் என் மோட்டார் சைக்கிள் சங்கிலி அறுந்து நின்றது. கூடையும் கூட்டமுமாக எல்லோரும் என்னை இடித்துக்கொண்டு போனார்கள். கைலியை மடித்துக் கட்டிய ஒருவர் வந்து குந்தினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாக்கெட்டிலிருந்து ஒரு கம்பித் துண்டை எடுத்து இரண்டு கண்ணிகளையும் சேர்த்து முறுக்கினார்.

"வீடு வரைக்கும் தாங்கும் முசே. வேகமா முறுக்காதீங்க."

அவர்தான் அப்துல் மஜீது. 'முசே' என்றால் பிரெஞ்சில் ஐயா, கடைசிவரை என்னை அப்படித்தான் கூப்பிட்டார். ஒரு பஸ் கம்பெனியில் மெக்கானிக். டவுனில் நாலு தலைமுறையாக இருக்கும் குடும்பம், அப்பா தகர வேலை செய்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சரியான சங்கிலியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். கொல்லையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, நமக்கென்று ஒரு ஷெட் இருந்தால் எப்படி இருக்கும் என்று நான்தான் ஆரம்பித்தேன். அவர் எழுந்து கொல்லையை நீளவாக்கில் ஒருமுறையும் குறுக்கே ஒருமுறையும் நடந்தார்.

"ரெண்டு காரு, நாலு மோட்டார் சைக்கிள் நிக்கும்," என்றார்.

இரண்டு மாதத்தில் பஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டார்.

கட்டுவதற்கு முன்னால் அவர் செய்த ஒரு காரியத்தை இன்னும் யாரிடமும் நான் கண்டதில்லை. பத்திரம் எழுதும் தெரிந்த ஒரு நொத்தேரின் கறுப்புக் காரை ஒரு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கி வந்து வெறும் மண்ணில் நிறுத்தச் சொன்னார். நாலு கதவையும் திறந்துவைத்தார், முன்னால் இன்ஜின் மூடியைத் தூக்கினார், பின்னால் டிக்கியையும் திறந்தார். பிறகு கையில் சுண்ணாம்புப் பொடியோடு வண்டியைச் சுற்றி வந்து கோடு போட்டார்.

"காரு உள்ள வந்தா மட்டும் போதாது முசே. கதவு தெறந்து ஆளு எறங்கணும், ஆளச் சுத்தி இன்னொரு ஆளு நடக்கணும். இதுக்கு வெளியதான் செவுரு."

அவர் போட்ட கோட்டுக்கு வெளியே இரண்டடி விட்டு அஸ்திவாரம் தோண்டினோம். சித்தாள் வரவில்லை என்றால் ரோசாலியே செங்கல் தூக்கினாள். வடக்குப் பக்கம் ஜன்னல் வைத்து, அதன் அடியில் வேலை மேஜை. அவர் குள்ளம், நான் நெட்டை, மேஜை யார் இடுப்புக்கு என்று இரண்டு நாள் தகராறு. கடைசியில் பாதி மேஜை அவர் உயரம், பாதி என் உயரம் என்று படிபோலக் கட்டினோம். ஓட்டுக் கூரையில் நடுவே இரண்டு கண்ணாடி ஓடு. இன்ஜினைத் தூக்க இரும்புத் தூலத்தில் செயின் பிளாக். சிமெண்டுத் தரைக்குப் பத்து நாள் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினவள் ரோசாலி.

ஸ்பானரை நான் பட்டாள வழக்கத்தில் 'கிளே' என்பேன். "பூட்டே இல்ல, சாவி எதுக்கு முசே?" என்பார் அவர். பிரெஞ்சில் கிளே என்றால் சாவி என்று அதற்குள் யாரிடமோ கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார். ரோசாலி அவரை 'பாய் அண்ணே' என்று கூப்பிட்டாள்.

3

பள்ளம் என் யோசனை. சைகோன் டிப்போவில் இருந்ததுபோல ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், ஆள் கழுத்து வரை ஆழம்.

மஜீது பாய் ஒப்பவில்லை. "இந்த மண்ணுல தண்ணி ஊறும் முசே. பள்ளம் வேணாம். சாய்வா ரெண்டு மேடை கட்டி வண்டிய மேல ஏத்திக்கலாம்."

"மேடையிலிருந்து வண்டி உருண்டா என்ன பண்றது பாய்? பள்ளம்தான் முறை."

நிலம் என்னுடையது. அதனால் என் பேச்சே எடுபட்டது. அன்று அப்படி ஒரு எண்ணம் எனக்கு இருந்ததே தெரியாது. இப்போது தெரிகிறது.

முதல் மழையிலேயே அவர் சொன்னபடி ஆயிற்று. செங்கல் கட்டுக்கு உள்ளிருந்து தண்ணீர் கசிந்து இடுப்பளவு நின்றது. சிமெண்டு பூசிப் பார்த்தோம், தார் தடவிப் பார்த்தோம். மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் இறைப்பதே ஒரு வேலையாகிவிட்டது. அவர் ஒருநாளும் 'அப்பவே சொன்னேனே' என்று சொன்னதில்லை. கனமான ஏழு பலகைகளை அறுத்துக்கொண்டு வந்து, பள்ளத்தின் விளிம்பில் காடி வெட்டி, ஒன்றோடொன்று நெருக்கமாக உட்காரும்படி மூடி செய்தார். வேலை இல்லாத நேரத்தில் ஏழும் மேலே கிடக்க வேண்டும், எடுத்தவர் போட வேண்டும். எங்களுக்குள் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

ஷெட் நன்றாக நடந்தது. டாக்டர்கள் வந்தார்கள், லிசே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற முசேக்கள் வந்தார்கள், விழுப்புரம் போகிற வழியில் கோளாறாகி நிற்கிற வண்டிகள் வந்தன. செலின் நடக்கத் தொடங்கியதும் அவளும் வந்தாள். அவளுக்கு ஒரு வேலை இருந்தது. பழைய நட்டும் போல்ட்டும் கிடக்கும் டப்பாவைக் கொட்டி, பெரியது சின்னது என்று பிரித்து அடுக்குவாள். அடுக்கி முடித்ததும் மஜீது பாய் மறுபடி எல்லாவற்றையும் டப்பாவில் கொட்டிக் குலுக்கிவிடுவார். "பாய் மாமா!" என்று அவள் கத்துவாள். இருவரும் சிரிப்பார்கள். ஒருநாளைக்கு மூன்று முறையாவது இது நடக்கும்.

4

ஐம்பத்தேழு ஐப்பசி. மூன்று நாள் விடாத மழை, நாலாம் நாள் காலை வெறித்தது. பள்ளத்தில் முக்கால்வாசித் தண்ணீர். ராயப்பன் பள்ளிக்கூடம் போய்விட்டான். ரோசாலி அடுப்படியில். செலின் அடுப்படிக்கும் ஷெட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். ஷெட்டில் ஒரு மோட்டார் சைக்கிளின் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தோம்.

மஜீது பாய் சைக்கிளை எடுத்தார். "முசே, கேஸ்கட் வாங்க மார்க்கெட் பக்கம் போயிட்டு வரேன். பலகை போட்டிருக்கு."

"சரி பாய்," என்றேன். இந்தச் 'சரி' எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

பத்து மணி இருக்கும். ரோட்டில் கூச்சல். விழுப்புரம் பக்கமிருந்து வந்த ஒரு கார் ஓரத்துச் சேற்றில் இறங்கிவிட்டது. உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண், பக்கத்தில் அவள் அம்மா. ரோட்டில் வேறு ஆள் இல்லை. டிரைவர் முறுக்க முறுக்கச் சக்கரம் இன்னும் ஆழமாய்ப் போயிற்று. நான் ஷெட்டுக்கு ஓடி மூன்று பலகைகளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, முதுகைக் கொடுத்துத் தள்ளினேன். வண்டி ஏறிவிட்டது.

டிரைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, கூட வாங்க. முன்னாடி எங்கயாவது மறுபடி எறங்கிச்சுன்னா பொண்ணு செத்துரும்."

பலகைகளை வண்டியின் மேலே போட்டுக்கொண்டு அவரோடு ஏறினேன். டவுனுக்குள் ஆஸ்பத்திரி வாசல் வரை போனோம். அந்தப் பெண்ணை உள்ளே கொண்டுபோனார்கள். திரும்பிப் போகும்போது உதவும், பலகைகளை வைத்துக்கொள்ளுங்கள் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு நடந்தே திரும்பினேன். இரண்டு உயிரைக் காப்பாற்றினவன் என்ற நிறைவில் நடந்தேன். வழியில் ஒரு கடையில் நின்று செலினுக்குப் பொரிவிளங்காய் உருண்டை வாங்கினேன்.

வீட்டு வாசலில் ஆட்கள் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் வழிவிட்டார்கள்.

மஜீது பாய் கழுத்து வரை நனைந்து ஷெட்டின் நடுவே உட்கார்ந்திருந்தார். மடியில் செலின். அவர் எனக்கு முன்னால் திரும்பி வந்திருக்கிறார். பள்ளத்தின் ஒரு பக்கம் திறந்து கிடப்பதையும், ஒரு சின்னச் செருப்பு மிதப்பதையும் பார்த்துக் குதித்திருக்கிறார். குழந்தை என்னோடு இருப்பதாக ரோசாலி அடுப்படியில் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ரோசாலி தரையில் அறைந்துகொண்டிருந்தாள். "பலகைய யாரு எடுத்தது? சொல்லுங்க, யாரு எடுத்தது?"

மஜீது பாய் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். என் சட்டை முதுகெல்லாம் ரோட்டுச் சேறு. கால்சட்டையில் முழங்கால் வரை சேறு. மெக்கானிக் கண், பார்த்த மாத்திரத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. அவர் ரோசாலி பக்கம் திரும்பினார்.

"நான்தான் மதாம். தண்ணி எறைக்கலாம்னு எடுத்தேன். போட மறந்துட்டு மார்க்கெட்டுக்குப் போயிட்டேன்."

என் வாய் திறந்தது. திறந்தபடியே இருந்தது.

5

அடக்கத்தன்று அவர் கல்லறை மதிலுக்கு வெளியே நின்றிருந்தார். உள்ளே வந்தால் ரோசாலியின் தம்பிகள் அடித்திருப்பார்கள். எல்லோரும் போன பிறகு நான் அவரிடம் போனேன்.

"ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மதில் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவங்க நாளைக்கும் உங்க மூஞ்சியத்தான பாக்கணும் முசே. உங்க கையாலதான சோறு வாங்கித் துண்ணணும். இன்னொரு புள்ள இருக்கு. என் மூஞ்சிய அவங்க பாக்க வேண்டியதில்ல."

"நான் சொல்லிடறேன்."

"இப்ப சொல்லாதீங்க. புள்ளயையும் புருஷனையும் ஒரே நாள்ல அவங்ககிட்டேருந்து எடுத்துட்டுப் போகும். கொஞ்ச நாள் போவட்டும்."

கொஞ்ச நாள் என்று அவர் சொன்னது ஒரு மாதமோ இரண்டு மாதமோ. எனக்கு அது ஐந்து வருஷம் ஆனது.

ரோசாலி அவர் மேல் வழக்குப் போட வேண்டும் என்றாள். நான் வேண்டாம் என்றேன். "விடு ரோசாலி, தெரியாம நடந்துது." இதைச் சொன்னதும் என்ன ஆயிற்று தெரியுமா? ஊர் என்னைக் கொண்டாடிற்று. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தும் மன்னித்தவர் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சாமியார் என் பெயரைச் சொல்லாமல் என்னைச் சொன்னார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் தாழ்மை என்று நினைத்தார்கள்.

ரோசாலிக்கு என் தாழ்மை இல்லை. மீன் வாங்கப் போன இடத்தில், தண்ணீர் பிடிக்கிற இடத்தில், கண்ட எல்லோரிடமும் அவள் சொன்னாள். வயிறு எரிகிறவள் வேறென்ன செய்வாள்? மஜீது பாயிடம் யாரும் வண்டி விடவில்லை. பழைய பஸ் கம்பெனியும் சேர்க்கவில்லை. கடைசியில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சுவரோரம் சைக்கிள் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தார். பெரிய பெரிய இன்ஜின்களின் சத்தத்தை வைத்தே நோயைச் சொன்ன மனுஷன். அவர் மனைவி நூர்ஜஹான் ஒருநாள் எங்கள் வீட்டுக்குத் தூக்கில் கஞ்சி கொண்டுவந்தார். ரோசாலி அதை அவர் கண்ணெதிரே வாசலில் கொட்டினாள். நான் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை.

ஐம்பத்தெட்டில் பிரான்சுக்குக் கப்பலேறினோம். அந்த வீட்டில் அவளால் இருக்க முடியவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். இருக்க முடியாதவன் நான்.

6

இங்கே வடக்கே ஒரு சின்ன ஊர். பஸ் டிப்போவில் எனக்கு வேலை. அதிகாலை ஆறரைக்குப் பரேடு மாதிரி ஒரே வரிசையில் நிற்கிற பஸ்களின் கீழ் போய்ப் படுப்பேன். மாலை வந்து சூப் குடித்துவிட்டு ரேடியோ கேட்பேன். இரண்டு வருஷமாக எங்களுக்கென்று ஒரு வீடு, பின்னால் ஒரு துண்டு தோட்டம்.

ராயப்பனுக்குப் பள்ளிக்கூடத்தில் பியேர் என்று பெயர். ஞானஸ்நானப் பெயர் அதுதான், ராயப்பர் என்று நாம் தமிழில் சொல்வதும் அந்தப் புனிதரைத்தான். ஆனாலும் ராயப்பா என்று கூப்பிட்டால் இப்போது இரண்டாவது தடவைதான் திரும்புகிறான். பதினோரு வயது. தமிழில் பேச ஆரம்பித்துப் பாதியில் நின்று, மீதியைப் பிரெஞ்சில் முடிக்கிறான். "அம்மா, மழை விழுது" என்கிறான். மழை பெய்யும், விழாது என்று ரோசாலி திருத்துவாள். "ஏன், மேலேர்ந்து கீழதான வருது?" என்பான். ரோசாலிக்கோ பிரெஞ்சு ஏறவில்லை. ரொட்டிக் கடையில் விரலைக் காட்டி வாங்குகிறாள். அம்மாவும் பிள்ளையும் ஒரே மேஜையில் இரண்டு கரையில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். பிரெஞ்சு அரசாங்கம் கொடுத்த எங்கள் குடும்பப் பதிவுப் புத்தகத்தில் இரண்டு பிள்ளைகள் பெயர் இருக்கிறது. செலின் இறந்த பதிவு புதுச்சேரியிலிருந்து இந்தப் புத்தகத்துக்கு வந்து சேரவில்லை. அதனால் இந்த நாட்டுக் காகிதத்தில் அவள் உயிரோடு இருக்கிறாள். ஆறு வயது முடிந்ததும் ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: உங்கள் மகள் செலின் எந்தப் பள்ளியிலும் சேர்க்கப்படவில்லை, காரணம் தெரிவிக்கவும். மறு வருஷமும் வந்தது. நான் அவற்றைக் கிழித்துவிட்டதாக நினைத்திருந்தேன். ஒருநாள் ரோசாலியின் ஜெபப் புத்தகத்தில் இரண்டும் மடித்து வைத்திருப்பதைப் பார்த்தேன். அவளுக்கு அதில் படிக்கத் தெரிந்தது மகளின் பெயர் மட்டும்தான். அதற்காக வைத்திருக்கிறாள்.

திருத்தச் சொல்லி ஒரு விண்ணப்பம் போட்டால் போதும். அதில் எப்படி இறந்தாள் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்ப என்னால் முடியவில்லை.

7

கடிதம் நூர்ஜஹானிடமிருந்து. கோணல் எழுத்து, மூன்றே பத்தி. அப்படியே எழுதுகிறேன்.

'முசே அவர்களுக்கு நூர்ஜஹான் சலாம் சொல்லி எழுதிக்கொண்டது. அவங்க போன மாசம் மவுத்தாயிட்டாங்க. நெஞ்சுல சளி கட்டி ரொம்ப நாளாக் கஷ்டப்பட்டாங்க.

'நீங்க போன பொறவு ஒவ்வொரு மழைக்கு முன்னாடியும் உங்க ஷெட்டுக்குப் போயி உடைஞ்ச ஓட்ட மாத்திட்டு வருவாங்க. வீட்டுல குடியிருக்கறவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அந்தப் பள்ளத்தத் தள்ளுவண்டியில மணல் கொண்டாந்து கொண்டாந்து மூடினாங்க. ரெண்டு வருஷம் ஆச்சு. மேல சிமெண்டு போட்டுட்டேன், இனிமே பயமில்லன்னு முசேவுக்கு எழுதுன்னு சொன்னாங்க.

'அவங்க மறதியால உங்க கொழந்த போச்சு. அத நெனச்சு அவங்க சரியாத் தூங்கினதே இல்ல. அவங்களுக்காக நான் உங்ககிட்டயும் மதாம்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன். மதாம் மனசார மன்னிச்சேன்னு ஒரு வரி எழுதினா அவங்க கபுர்ல நிம்மதியா இருப்பாங்க.

'இப்படிக்கு நூர்ஜஹான்.'

தன் பெண்டாட்டியிடம்கூட அவர் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. ராயப்பன் மேஜையின் மறுமுனையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். கடிதத்தை ரோசாலிக்குப் படித்துக் காட்டினேன். அவள் பாத்திரம் துடைப்பதை நிறுத்தினாள். "எழுதிடுங்க," என்றாள். "மன்னிச்சுட்டேன்னு எழுதிடுங்க. செத்தவங்க மேல என்ன கோவம். பாவம் அந்தம்மா."

"ரோசாலி, பலகைய எடுத்தது பாய் இல்ல. நான்."

அவளுக்கு விளங்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். சேற்றில் இறங்கின கார், வலியில் கத்தின பெண், மூன்று பலகை, ஆஸ்பத்திரி, நான் வழியில் வாங்கின உருண்டை. சொல்லிக்கொண்டே போனேன், நிறுத்த முடியவில்லை.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. துணியை மடித்து மேஜை மேல் வைத்தாள்.

"அஞ்சு வருஷம்," என்றாள். "அந்த மனுஷன் வேலையப் புடுங்கினது நான். அவரு சோத்துல மண்ணப் போட்டது நான். அந்தப் பொம்பள கஞ்சி கொண்டாந்தா. நான் கொட்டினேன். நீ நாக்காலியில குந்தியிருந்த."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் என்னை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"நீ அன்னிக்கே சொல்லியிருந்தா நான் உன்னக் கொன்னுருப்பனா? வலியில இருந்த பொண்ணுக்காக ஓடுன. எனக்குப் புரிஞ்சிருக்காதா? மறந்ததுக்கு உன்ன மன்னிச்சிருப்பேன். இதுக்கு என்ன பண்றது?"

ராயப்பன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தான். என்ன நடக்கிறது என்று பிரெஞ்சில் கேட்டான். செலின் என்ற பெயரும் மஜீது என்ற பெயரும் அவன் காதில் விழுந்திருக்கின்றன. மற்றது போதுமான அளவு புரியவில்லை. ரோசாலி அவன் பக்கம் திரும்பித் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். பிறகு தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் தேடினாள்.

"மஜீது, நோன்," என்றாள். கையை ஆட்டினாள். "பப்பா. லெ புவா, பப்பா."

மஜீது இல்லை. மரம், அப்பா. அவ்வளவுதான் அவளிடம் இருந்தது. பையனுக்கு அது போதுமாயிருந்தது.

அவன் கணக்கு நோட்டை மூடினான். அப்புறம் பிரெஞ்சில், ரொம்ப மெதுவாக, என்னிடம் இல்லை, அம்மாவிடம் சொன்னான். நாங்கள் கப்பலேறும் முன்பு ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு மார்க்கெட் பின்பக்கமாகப் போனானாம். மஜீது பாய் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தாராம். ஒரு கல்லை எடுத்து அவர் மேல் எறிந்தானாம். புருவத்தில் பட்டு ரத்தம் வந்ததாம். அவர் துடைத்துக்கொண்டு, "வண்டி வருது, ஓரமாப் போ ராயப்பா" என்றாராம். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவன் தமிழில் சொன்னான். ஒரு எழுத்துப் பிசகாமல்.

நான்தான் அதை ரோசாலிக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. வேறு யார் இருக்கிறார்கள் அந்த வீட்டில்?

8

அன்றிலிருந்து ரோசாலி பையனின் அறையில் படுக்கிறாள். எனக்குச் சோறு போடுகிறாள், சட்டை துவைத்துத் தருகிறாள். பேசுவதில்லை. ஒரு வாரம் கழித்து இரண்டு விஷயம் சொன்னாள்.

ஒன்று, ராயப்பனை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போகிறாள். நூர்ஜஹான் வாசலில் போய் நிற்கப்போகிறாள். கதவைத் திறந்தால் திறக்கட்டும், கொட்டினால் கொட்டட்டும் என்றாள். ரெட்டியார்பாளையத்து ஷெட்டை நூர்ஜஹான் பெயருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னாள். போட்டுக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது, இது. "நான் வாயால ஊரெல்லாம் சொன்னேன். நீ எழுதற. அந்தப் பத்திரிகைய ஊருல படிக்கறாங்க. எழுது."

போன வியாழக்கிழமை மார்செய் துறைமுகத்தில் அவர்களைக் கப்பலேற்றினேன். பெட்டிகளை நான் தூக்கினேன். செலின் பெயர் போட்ட குடும்பப் புத்தகத்தை ரோசாலி கையிலேயே வைத்திருந்தாள். ஊரில் சர்ட்டிபிகேட் வாங்கி, கட்டத்தை நிரப்பி, அவளைக் கணக்கில் இறக்கிவிட்டு வரப்போகிறாள். நான் செய்யாத வேலை. திரும்பி வருவீர்களா என்று நான் கேட்கவில்லை. ராயப்பன் கைப்பிடிக் கம்பியருகே நின்றான். கையசைக்கவில்லை, ஆனால் கப்பல் நகரும் வரை உள்ளே போகவும் இல்லை.

மேரியிலிருந்து அனுமதி வந்துவிட்டது. மேஜை மேல் கிடக்கிறது. கட்டமாட்டேன்.

ரெட்டியார்பாளையத்திலும் டவுனிலும் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள். மஜீது பாய் எந்தப் பலகையையும் எடுக்கவில்லை, எதையும் மறக்கவில்லை. என்னை மன்னித்தவன் என்று புகழ்ந்தவர்கள் அந்தப் புகழைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரோடு சேர்த்துச் சொன்னதை எல்லாம் என் பெயரோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னும் சில நாளில் பெரிய மார்க்கெட்டில் ரோசாலியைப் பார்ப்பீர்கள். தலை கொஞ்சம் நரைத்திருக்கும். பக்கத்தில் தமிழ் தடுமாறுகிற ஒரு பையன் நிற்பான். நூர்ஜஹான் வீட்டுக்கு வழி கேட்பாள், கடிதத்தில் விலாசம் இல்லை, பழைய தெருவில் அவர்கள் இப்போது இல்லை என்று கேள்வி. அவளை ஒன்றும் கேட்காதீர்கள். வழியை மட்டும் சொல்லுங்கள்.